மூன்றாம் நிலைக்கு என் ஆட்சேபணை

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கான சான்றிதழ்த் தேர்வை எத்தனை நிலைகளாகப் பிரிப்பது என்று வெவ்வேறு நாடுகளில் இருந்த முப்பது பேர் மின்னஞ்சலில் விவாதித்துக்கொண்டிருந்தோம். உத்திரமேரூரிலிருந்து நான். இருபத்து மூன்று வயது. யாரும் கூப்பிடவில்லை, நானே போய்ச் சேர்ந்துகொண்டேன். இதைப் பற்றி வாய்விட்டுப் பேச ஊரில் ஓர் ஆள் கிடையாது.

முதல் நிலை ஒற்றைக் கணினியைப் பராமரிப்பவருக்கு. இரண்டாவது, நெட்வொர்க்கை நடத்துபவருக்கு. இரண்டிலும் சிக்கலில்லை. மூன்றாவதற்கு ஒருவர் ஒரு விதியை முன்வைத்தார்: தேர்வு எழுதுபவரின் கீழ் குறைந்தது இரண்டு பேர் வேலை செய்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு சர்வர், நாற்பது கணினிகள், அத்தனைக்கும் நான் ஒருவன்தான். விதி நிறைவேறினால் அந்தத் தேர்வுக்கு என்னால் விண்ணப்பிக்கக்கூட முடியாது.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குறித்த நேரத்துக்குள் எதிர்ப்பு வராவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கெடு வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி மாலை ஐந்தரை. கல்லூரியில் இணைய வசதி இல்லை. ஆட்சேபணையை இரண்டு பக்கம் அடித்து, ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு, வியாழன் மாலை பஸ் நிலையத்தருகே பாயின் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

"லைன் இல்ல தம்பி. ரோடு தோண்டறவனுங்க கேபிள வெட்டிட்டானுங்க. நாளான்னிக்கு வா."

"நாளைக்குக் கடைசி பாய்."

"இன்னா, பொண்ணுக்கு லெட்டரா?"

"பரீட்சை விஷயம்."

"அப்ப காலைல காஞ்சிபுரம் பஸ் ஏறு. அங்க லைன் கீது."

வெள்ளிக்கிழமை மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. லேப் பொறுப்பிலிருந்த ஆசிரியரிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"போவாதன்னு சொல்லலப்பா. சர்வர் படுத்துக்கினா யார் பாக்கறது? வேற ஆளு கீதா?"

இல்லை. சர்வர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று முழுக்க அது ஒருமுறைகூடப் படுக்கவில்லை. கடைசி மாணவன் எழுந்து போனபோது மணி ஐந்தே முக்கால்.

சனிக்கிழமை லைன் வந்திருந்தது. எதிர்ப்பு எதுவும் வராததால் விதி நிறைவேறியது என்று மின்னஞ்சல். கீழே ஒப்புக்கொண்டவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல்.

"லெட்டரு போயிட்ச்சா?" என்று பாய் கல்லாவிலிருந்து கேட்டார்.

ஃபிளாப்பி சட்டைப் பையிலேயே இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.