கண்ணாடிக்காரர் மேடையேறிய கூட்டம்

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றுதான் அழைத்தார்கள். அவர் மனைவி சட்டமன்ற உறுப்பினரான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. "அவர் போடறது கண்ணாடிக்குச் சட்டம், அம்மா போடறது ஊருக்குச் சட்டம்" என்ற கிண்டல் மட்டும் கூடுதலாகச் சேர்ந்துகொண்டது.

மனைவி தலைநகரில் இருக்கும் நாட்களில் ஊர்க் குறைகள் எல்லாம் கடைக்குத்தான் வந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கிறவர்கள் பாதியில் நிறுத்தி, "எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வரலையே, அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்பார்கள். அவர் இயல்பில் வாயாடி. ஆனால் ஒருமுறை "பார்க்கலாம்" என்று அவர் சொன்னது, இரண்டு தெரு தாண்டுவதற்குள் "பாலம் வருகிறது" என்று ஆகிவிட்டது. அதிலிருந்து வியாபாரப் பேச்சைத் தவிர மற்றதைக் குறைத்துக்கொண்டார்.

மனைவி முன்பு அரசு மருத்துவமனையில் செவிலியர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. கூட்டத்தொடர் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் பள்ளிக்கூட அரங்கில் மக்களைக் கூட்டி, எங்கெங்கே போய்ப் பார்த்தேன், எதற்கு வாக்களித்தேன், எது நடக்கவில்லை என்று சொல்வார். நடக்காததைச் சொல்வதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு.

அந்த முறை தொண்டை கட்டிப்போய் வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை, தேவைப்பட்டால் இலவசக் கண்ணாடி என்று ஒரு மசோதா. அதற்காகக் கூச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பேசியதில் குரல்வளை வீங்கிவிட்டது. மருத்துவர் வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார். கூட்டத்துக்கோ நாற்காலி எல்லாம் சொல்லியாகிவிட்டது.

மனைவி ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "நீங்க படிங்க."

"நானா? உன் செயலாளர் இருக்காரே!"

"அவர் என் புகழ் பாடுவார். நீங்க எழுதினதை மட்டும் படிப்பீங்க."

மாலையில் கண்ணாடிக்காரர் மேடையில் நின்றார். பக்கத்தில் நாற்காலியில் மனைவி, மடியில் வெள்ளைத்தாள் கட்டும் பேனாவுமாக. பிரசவ வார்டின் ஒழுகும் கூரை, சந்தைக்குப் பின்னால் நின்றுபோன மோட்டார், கேட்டும் கிடைக்காத பேருந்து என்று ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கண்ணாடி மசோதா. அது நிறைவேறியதைச் சொன்னபோது கைதட்டினார்கள். அடுத்த வரியை அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"உறுப்பினர்களின் குடும்பத்தார் நடத்தும் கடைகள் இந்தக் கண்ணாடிகளை வழங்கும் ஒப்பந்தம் எடுக்க முடியாது. இந்தத் திருத்தத்தை நானே..."

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "நானே கொண்டுவந்தேன்" என்று முடித்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் இரும்புக்கடைக்காரர் எழுந்தார். தேர்தலில் எதிர்த்தரப்புக்கு வேலை செய்தவர்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சொல்வாங்க. பிள்ளைங்களுக்குக் கண்ணாடி கொடுக்கறாங்களாம். ஊர்ல கண்ணாடிக் கடை யாரோடது? திருத்தம் கிருத்தம் எல்லாம் கண்துடைப்பு!"

அரங்கம் சிரித்தது. மனைவி வேகமாக எழுதத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"அண்ணே, இதுக்கு நானே பதில் சொல்றேன். இது என் சொந்தப் பேச்சு, உறுப்பினர் பேச்சு இல்ல. என் கடைக்கு வர்றதுல பாதி பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அவங்களுக்குச் சும்மா கிடைச்சா எங்கிட்ட எதுக்கு வருவாங்க? சரி, அந்த ஒப்பந்தமாவது எடுக்கலாம்னா அதுக்கும் கதவைச் சாத்தியாச்சு. மசோதா வந்ததையே நான் ரேடியோவுலதான் கேட்டேன். கதவு சாத்தினது இப்ப இந்த மைக் முன்னாடிதான் தெரியும். லாபமாம் லாபம்! என் பொழப்புல மண்ணைப் போட்டதே எங்க வீட்டம்மாதான்."

இந்த முறை சிரிப்பு வேறு விதமாக இருந்தது. இரும்புக்கடைக்காரர்கூட உட்காரும்போது வாயைப் பொத்திக்கொண்டார். மனைவியின் பேனா நின்றுவிட்டது.

முன்வரிசையில் இருந்த தையல்காரப் பெண் கேட்டார்: "அப்ப நீங்க இந்தச் சட்டம் வேண்டாங்கறீங்களா?"

அவர் சற்று யோசித்தார்.

"போன மாசம் ஒரு பொண்ணு வந்தா. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதறான்னு வகுப்புல அடி வாங்கியிருக்கா. கரும்பலகை தெரியல, அதான் விஷயம். கண்ணாடி மாட்டி வெளிய நிறுத்தினேன். தெருவுல இருக்கற பெயர்ப்பலகை ஒண்ணு விடாம வாசிச்சா. அவங்கப்பா கூப்பிடக் கூப்பிட நகர மாட்டேன்னுட்டா. கடைக்கே வராத பிள்ளைங்க எத்தனையோ? அதனால வேண்டாம்னு சொல்ல வாய் வரலம்மா. அதுக்காகச் சந்தோஷம்னும் சொல்ல மாட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் மோட்டார் எப்போது ஓடும் என்று கேட்டார். மனைவி எழுதிக் கொடுத்ததை அவர் படித்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி தாளை அவர் பக்கம் தள்ளினார்: "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"யோசிக்கறேன் யோசிக்கறேன்னு இழுத்தடிச்சிருப்பேன்."

"அதான் கேட்கல."

"அது தப்பு."

மனைவி எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். குழம்பை அவர் தட்டுப் பக்கம் நகர்த்தினார்.

சட்டம் அடுத்த பள்ளி ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நிதித்துறை கத்தரி போட்டதில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அப்படியும் கடையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. கண்ணாடிக்காரர் கடையின் ஒரு பக்கத்தைச் செல்பேசி பழுதுபார்ப்பவருக்கு வாடகைக்கு விட்டார். இரண்டு பேரும் ஒரே விளக்கின் கீழ் வேலை செய்தார்கள்.

பள்ளியில் கொடுத்த கண்ணாடிகள் சீக்கிரமே உடைந்தன. பந்து பட்டும், பையில் நசுங்கியும் காது பிடிக்கும் கம்பிகள் கழன்று வந்தன. கொடுத்த நிறுவனத்துக்குப் பழுதுபார்க்க ஊரில் ஆள் இல்லை. பிள்ளைகள் உடைந்ததைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு அவரிடம் வந்தார்கள். அந்த வேலை மெல்ல மெல்லப் பெருகியது.

தலைநகரிலிருந்து ஒருநாள் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏங்க, பழுதுபார்க்கறதையும் ஒப்பந்தத்துல சேர்க்கச் சொல்லி நாளைக்குச் சபையில கேட்கப் போறேன். உங்களைக் கேட்டுக்கிட்டுப் பேசலாம்னு..."

"மிச்சம் இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கப் போறியா?"

கையிலிருந்த உடைந்த கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"யோசிச்சு சொல்லட்டுமா?" என்றார் அவர்.

"நாளைக்குக் காலையில சபை கூடுது."

"சரி, கேளு. ஆனா குரலை உயர்த்தாம பேசு."

மறுநாள் மனைவி சபையில் கேட்டார். பரிசீலிப்பதாக அமைச்சர் சொன்னார். ஊர்க் கூட்டத்தில் மனைவி தன் குரலிலேயே அதைச் சொன்னார், "நடக்காதவை" என்ற தலைப்பின் கீழ். கண்ணாடிக்காரர் அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. கடையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.