திருவிழாவில் விழுந்த ரைஸ் குக்கர்

என் தங்கை இன்றைக்கும் அது சனிக்கிழமை என்றுதான் சொல்வாள். இல்லை, ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டாருடைய கத்தோலிக்கக் கோயில் திருவிழாவின் கடைசி நாள். வெள்ளவத்தையிலிருந்து மழைக்குள் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது தேர்ப்பவனி முடிந்திருந்தது.

மச்சானின் வழக்கு முடிய அப்போது ஒரு கோர்ட் தவணைதான் இருந்தது. தங்கையின் கணவரான அவர் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். குதிரைப் பந்தயம் கட்டப் புக்கிக் கடைக்குப் போய்ப் போய், கடைசியில் கம்பனிக் காசில் கைவைத்தார். காசைத் திருப்பிக் கட்டியதும் கம்பனி இறங்கி வந்தது. நீதவான் விசாரணையைத் தள்ளிவைத்து, செவ்வாய்தோறும் உளவளத்துணையாளரிடம் போக வேண்டும், எந்தச் சூதிலும் சேரக்கூடாது என்று நிபந்தனை போட்டார். ஒழுங்காக முடித்தால் வழக்கு இல்லை. தவறினால் விசாரணை, வேலையும் போய்விடும்.

மேடையில் அதிர்ஷ்டச் சீட்டுக் குலுக்கினார்கள். மூன்றாம் பரிசு ரைஸ் குக்கர். ஒலிபெருக்கியில் கேட்டது மச்சானின் பெயர்.

சனம் கைதட்டியது. அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

"சீட்டு யார் எடுத்தது?" என்று தங்கையைக் கேட்டார்.

"நான்தான். வருசா வருசம் வீட்டுக்காரர் பேரிலதானே எடுக்கிறது. கோயிலுக்குக் குடுக்கிற காசப்பா, அதுவும் சூதா?"

"கோர்ட்டில கேட்டால் நீயா வந்து சொல்லுவாய்?"

பின்னால் இருந்த அவருடைய துறைமுகத்து நண்பர் குனிந்தார். "உன்ர குதிரை ஒண்டும் ஒருநாளும் வரேல்லை. விட்ட பிறகு பார், குக்கர் ஓடி வருது."

மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒருத்தரும் கேட்கப் போறதில்லை, பேசாமல் விடுங்கோ" என்றேன் நான்.

"மறைச்சு மறைச்சுத்தானே, மச்சான், கோர்ட் வரைக்கும் போனனான்" என்றவர், எழுந்துபோய்ப் பங்குத்தந்தையிடம் விசயத்தைச் சொல்லி, குக்கரைக் கோயிலில் சமைக்கிற குசினிக்கே கொடுத்துவிட்டார்.

செவ்வாயன்று துணையாளரிடமும் தானாகவே சொன்னார். அந்த அம்மா அதை நீதிமன்றத்துக்கு எழுதியனுப்பினார். தவணை வரும்வரை தங்கை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பேசாமல் விடச் சொன்னது நான் என்பதை மறந்து, அவரைச் சொல்லவைத்ததே நான்தான் என்று கோபம்.

நீதவான் அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"குக்கர் இப்போது எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கோயில் குசினியில்" என்றார் மச்சான், அதே மொழியில்.

"வேலை செய்கிறதா?"

"தெரியாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை, வழக்கை முடித்துவைத்தார்.

வெளியே வந்து, எதிர்க் கடையில் மூவரும் பிளேன்டீ குடித்தோம். தங்கை எனக்கும் சேர்த்து வடை சொன்னாள். அன்று புதன்கிழமை. அதில் மட்டும் அவளுக்கும் எனக்கும் தகராறு இல்லை.