நட்சத்திரக்காரருக்கு ஒரு அறை

வாடகை நூலகம் நடத்துகிறவளுக்குப் புத்தகம் படிக்க நேரம் இருக்காது. அதைப் படிக்கிறவர்களைப் படித்தே கண் பூத்துப்போகும். எழுபதுகளில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பத்து வருஷம் அந்தத் தொழில் செய்தேன். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துச் சிரித்தே வாய் வலித்தவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

சிங்கம் வராத நாவல்

மூர் மார்க்கெட்டில் கட்டாக வாங்கிய பழைய புத்தகங்களில் கென்யாக்காரர் ஒருவர் எழுதிய ஆங்கில நாவலும் வந்து சேர்ந்தது. அட்டையில் கோட்டுப் போட்ட கறுப்பு மனிதர், கையில் குடை. மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் ஏறி வந்து புத்தகம் எடுக்கும் குமாஸ்தா ஒருவர் ஆசையாக எடுத்துப் போனார். மறுநாளே திரும்பி வந்துவிட்டார்.

"வேட்டை, சிங்கம் எல்லாம் வரும்னு எடுத்துண்டு போனேம்மா. இதுல எல்லாரும் ஆபீசுக்குப் போறா, மாமியாரோட சண்டை போடறா. இதுக்கு ஆப்பிரிக்கா எதுக்கு?"

ரிக்ஷாவில் வந்தவர்

அந்த நாவலைத் தேடிக்கொண்டே ஒருவர் வந்தார். பெயர் ஜோசப். கென்யாவிலிருந்து வந்து கிண்டியில் பொறியியல் படிக்கிற மாணவர். மூன்று வருஷத்தில் தமிழ் நன்றாகவே பேசக் கற்றிருந்தார். சந்தா கட்டிவிட்டு, தம் ஊர்ப் புத்தகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான்தான் அசட்டுத்தனமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கொண்டுவந்து விட்ட ரிக்ஷாக்காரர் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"இன்னாம்மா அப்டி பாக்குறே? ஒரு ரூபா கேட்டேன், பேரம் பேசி எட்டணாவுக்கு இஸ்துக்கினு வந்துட்டாரு. நம்ம ஊரு ஆளுதான்."

கடைசிப் பக்கத்து நட்சத்திரம்

வாடகை நூலக வாசகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடக் கூடாதென்று கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஓர் அடையாளம் போடுவார்கள். ஒருவருக்குப் பிறை, ஒருவருக்குப் பெருக்கல் குறி. ஜோசப் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவார். அதட்டிப் பார்த்து ஓய்ந்துபோய் விட்டுவிட்டேன்.

எங்கள் பழைய சந்தாதாரர் லலிதா மாமி, பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. நட்சத்திரம் இருந்தால் புத்தகம் நன்றாக இருக்கும் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். கதைச் சுருக்கமெல்லாம் பார்ப்பதில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள். கென்யா நாவலையும் அப்படித்தான் எடுத்துப்போய், அழுது தீர்த்துவிட்டு வந்தாள். நட்சத்திரக்காரர் யாரென்று நான் வாயைத் திறக்கவில்லை. தொழில் ரகசியம் என்று சொல்லிக்கொண்டேன். சந்தா போய்விடுமோ என்ற பயம்தான் நிஜம்.

"யாரா இருந்தா என்னடி, என்ன ருசி! கண்டிப்பா நம்மவாளாத்தான் இருக்கணும்."

மாமியின் கேள்வி

கோடை விடுமுறைக்கு விடுதியை மூடப்போகிறார்கள், ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்று ஜோசப் வந்து நின்றார். ஊருக்குப் போய்வரப் பணம் இல்லை. அடையாறிலும் தி.நகரிலும் ஏழு வீடு ஏறி இறங்கிவிட்டார். கடிதத்தில் 'ஜோசப்' என்று பார்த்து வரச் சொன்னவர்கள்கூட, ஆளைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லலிதா மாமி வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. நானே போனேன். நட்சத்திரக்காரர் யார் என்பதையும் போட்டு உடைத்தேன்.

நல்லவராத்தான் இருப்பார், ஆனால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்றாள் மாமி. நான் விடவில்லை. அந்தக் கதைக்கு அப்படி அழுதீர்களே, அதெல்லாம் பொய்யா என்று குரலை உயர்த்தினேன். மாமி கோபப்படவே இல்லை.

"அழுதேன்டி, இல்லேங்கலே. ஆனா உன் கடைக்கு மேலேயே டூலெட் போர்டு ரெண்டு மாசமா தொங்கறதே, நீ ஏன் குடுக்கலே?"

மூன்று நாள்

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் மாடி என் நினைவுக்கே வரவில்லை. அதுதான் அவமானம். யோசித்து மறுத்திருந்தால்கூட ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். என் கணவரிடம் சொன்னேன்; 'உன் இஷ்டம்' என்றார். அதற்கு மேலும் மூன்று நாள் தயங்கினேன். மாவு அரைக்க வருகிறவள் நின்றுவிடுவாளோ, மைத்துனர் பண்டிகைக்கு வராமல் இருந்துவிடுவாரோ என்று கணக்குப் போட்டேன். நாலாம் நாள் துணிந்து போர்டைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

ஜோசப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். சாந்தோமில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் குடும்பம் தங்கள் வீட்டில் அறை கொடுத்துவிட்டதாம். எங்கள் மாடியைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரித்தார், அதில் துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"போர்டு தினமும் பார்த்தேன் மேடம். இல்லைன்னு சொல்ல நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் கேக்கலை."

ஆகமொத்தம், ஆப்பிரிக்காவுக்கு எங்கள் கட்டடத்தில் அலமாரி வரைக்கும்தான் இடம் இருந்தது, அதையும் நாங்கள் வாடகைக்குத்தான் விட்டோம்.