மூங்கில் கழியும் மே மாத மழையும்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், பகல் இரண்டு மணி. ரேடியோ முப்பத்திரண்டு டிகிரி என்கிறது. மதுரையில் நாற்பதைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் வெயிலா என்று இன்று காலை வந்து இறங்கியதும் சிரித்தேன். இங்கே வேர்வை காயவே மாட்டேன் என்கிறது. மாலையில் ஒரு கல்யாணம். என்னிடம் இருக்கும் ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்து, நண்பன் வீட்டு ஐந்தாம் மாடி வராந்தாவில் வெளியே நீட்டிய மூங்கில் கழியில் கோத்துப் போட்டிருக்கிறேன்.

திடீரென்று இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு இடி. உடனே மாடிக்கு மாடி கழிகளை உள்ளே இழுக்கும் சத்தம். நானோ படியிறங்கிக் கீழே ஓடுகிறேன். மே மாதத்தில் மழையைக் கண்டால் எங்கள் ஊர்க்காரன் வேறென்ன செய்வான்? புல்தரையில் நின்று முகத்தை வானத்துக்குக் காட்டுகிறேன். காற்றும் மழையுமாக அடிப்பதில் எதிர் பிளாக்கே தெரியவில்லை. தொப்பலாக நனைந்த பிறகுதான் சட்டை ஞாபகம் வருகிறது.

மூச்சிரைக்க ஏறிப் போனால், கழி காலி. பக்கத்து வீட்டு மேரி அக்கா என் சட்டையை மடித்துக் கையில் வைத்திருக்கிறார்.

“இடி கேட்டா யார் வீட்டுத் துணின்னு இங்க பாக்க மாட்டோம் லா. எல்லாத்தையும் எடுத்துடுவோம்.”

“மழை அடிக்கடி வருமாக்கா?”

“நேத்து வந்துச்சு. நாளைக்கும் வரும்.”

அரை மணியில் மழை விட்டு வெயில் அடிக்கிறது. அக்கா கழியை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நிற்கும் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

“சட்டை காஞ்சிருச்சு தம்பி. இப்ப உங்களத்தான் கழியில மாட்டணும்.”