பழைய பதிப்புக்கு ஒரு திருத்தம்

அர்ச்சுனனை என் கடை வாடிக்கையாளர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பால் போடாத தேநீர், ஒரு தே-ஓவை வாங்கி வைத்துக்கொண்டு, அது பச்சைத் தண்ணீராகும்வரை உட்கார்ந்திருப்பவரை எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரனும் அப்படிச் சொல்லமாட்டான். ஈப்போவில் என் கடைக்கு மேல்மாடியில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், கம்ப்யூட்டர் கடை இருந்தது. அங்கேதான் அவருக்கு வேலை, அதன் பின்னறையில்தான் தங்கல். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. தீபாவளியன்று எங்கள் வீட்டுப் பிரியாணியை என் கடையிலேயே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். பாவமாக இருந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

அவர் செய்த வேலையை முதலில் நான் வேலையாகவே மதிக்கவில்லை. பெயர்களைப் பதிந்துவைக்கும் ஒரு புரோகிராம் அப்போது பலர் கையில் இருந்தது. எழுதியவர்கள் எங்கோ வெளிநாட்டில். காசு கிடையாது, உள்ளே எழுதியிருப்பதையும் மறைக்கவில்லை. வேண்டுமானால் திருத்திக்கொள், திருத்தினதை மற்றவனுக்கும் கொடு என்பதுதான் சட்டமாம். இப்படிக் கடை நடத்தினால் என் அடுப்பு எப்போதோ அணைந்திருக்கும்.

அந்தப் புரோகிராமுக்குப் புதுப்புதுப் பதிப்பு டிஸ்க்கில் வந்துகொண்டிருந்தது. ஆனால் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் இருந்தவை பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள். அவற்றின் நினைவகத்தில் புதுப் பதிப்பு அடங்காது. புதுப் பதிப்பில் அந்த வெளிநாட்டுக்காரர்கள் சரிசெய்திருந்த சின்னச் சின்னக் கோளாறுகளை அர்ச்சுனன் தேடிப் பிடித்து, அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவார். புதுச் சட்டையின் பொத்தானைப் பிரித்துப் பழைய சட்டையில் தைப்பதுபோல. பொத்தான் பொருந்தாது, துளை வேறாக இருக்கும். மனுசன் சாயங்காலம் முழுக்க மாடியில் அதோடு மல்லுக்கட்டுவார். பிறகு டிஸ்க்கைத் தோட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் தபாலில் அனுப்புவார். தவுக்கேயின் போனைச் சொந்தப் பேச்சுக்குத் தொடக்கூடாது என்பதால், யாருக்காவது சந்தேகம் வந்தால் கூப்பிட என் கடை நம்பரைக் கொடுத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ராக்காயி முதன்முதலில் கூப்பிட்டது எண்பத்தொன்பதில். தோட்டத்துப் பிள்ளைகளின் ஊசிக் கணக்கு அந்தப் பெண் கையில் இருந்தது.

"சார் இருக்காங்களா? மூணு மாயாண்டி ஒரே ஆளாப் போயிட்டான். ஒருத்தனுக்குப் போட்ட ஊசி மூணு பேருக்கும் போட்டதாக் காட்டுது."

விஷயம் இதுதான். நம் ஊரில் தமிழன் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில், இன்னார் மகன் என்பதற்கு மலாயில் 'ஏ/எல்' என்று ஒரு சாய்கோடு வரும், மகளானால் 'ஏ/பி'. வெள்ளைக்காரன் எழுதிய பழைய பதிப்புக்குச் சாய்கோட்டைக் கண்டால் ஆகாது. அத்தோடு பெயர் முடிந்தது என்று மீதியை வெட்டிவிடும். எல்லா மாயாண்டியும் அப்பன் இல்லாத பிள்ளையாகி ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டார்கள். புதுப் பதிப்பில் இது சரியாகியிருந்தது. அர்ச்சுனன் அதைப் பழையதில் பொருத்தி அனுப்பினார். அடுத்த வாரம் மறுபடியும் போன்.

"சார்கிட்ட சொல்லுங்க, மூணு மாயாண்டியும் தனித்தனியா வந்துட்டாங்க."

நான் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்குப் பல் வரிசையாக இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு போன் வந்தது. பேச்செல்லாம் கோளாறும் திருத்தமும்தான். நடுவில் அங்கே மழையா, சாப்பிட்டாச்சா, அவ்வளவே. "சார் இருக்காங்களா" நாளடைவில் "இருக்காங்களா" என்று ஆனது. அவரை அண்ணே என்று அவள் ஒருநாளும் கூப்பிடவில்லை. அதைக் கவனித்தது என் மனைவி ஜொஹரா பீவி. "அந்தப் பொண்ணுக்கும் யாரும் இல்லையாம், தங்கச்சிய கட்டிக் குடுத்துட்டுத் தனியா இருக்குதாம்" என்றாள். என் போனில் அவள் எப்போது அவ்வளவு பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

வருஷம் போகப்போக மற்றவர்கள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் பழைய பதிப்புக்கு ஈப்போவிலிருந்து போகும் டிஸ்க் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒருத்திக்காக இவர் மாடியில் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் தவுக்கே சாப்பிட வந்தபோது என்னிடம் சிரித்தார். நினைவகத்தைக் கூட்ட ஒரு அட்டை இருக்கிறதாம், மலிவுதானாம். அதை மாட்டினால் பழைய கம்ப்யூட்டரிலும் புதுப் பதிப்பு ஓடுமாம். உன் ஆள் ஏன் இந்தப் பாடு படுகிறான் என்றார். அவர் போனதும் அர்ச்சுனனைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட சொன்னீங்களா இல்லையா?"

"இல்ல நானா."

"ஏன்?"

கிளாசை மேசையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "மாட்டிட்டா அப்புறம் என்னத்துக்குக் கூப்பிடுவாங்க?"

"வேற எதையாச்சும் பேசுங்கய்யா."

"சூசா லா நானா, ரொம்பக் கஷ்டம். எனக்கு வேற என்ன பேசத் தெரியும்?"

தொண்ணூற்று நாலில் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவன் வீடு கட்டப் போகிறான், ஆஸ்பத்திரியை மூடுகிறார்கள். ராக்காயி அதைச் சொல்லக் கூப்பிட்டபோது அர்ச்சுனன் கடையில்தான் இருந்தார். நான் கல்லாவில் இருந்தேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ம்... எப்ப?... ம்."

காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றார். கடைசியில் வாயைத் திறந்து, "மாட்டுறப்ப மெஷின ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

என்னவென்று கேட்டேன். அந்த அட்டை ரெண்டு வருஷமாக அவளிடம் இருந்ததாம். தோட்டக் கம்பெனி வாங்கிக் கொடுத்தது. "நான்தான் மாட்டல. ஏன்னு உங்களுக்குத் தெரியாதா" என்று கேட்டாளாம். அதற்குத்தான் இந்த மகான் மெஷினை ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடையில் ஆட்கள் சாப்பிடுகிறார்கள் என்றும் பார்க்காமல் ஏசினேன். "போன்ல வாய் வராட்டி நேருல போய்ச் சொல்லுங்க. பஸ்ஸு ஓடுதில்ல?" என்றேன். திருப்பிக் கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. லீவு கேட்டுச் சிலிம் ரிவர் போவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார். நான் கேட்காமலே தே-ஓ வைத்தேன்.

"போயிட்டாங்க நானா. தங்கச்சி வூட்டுக்கு, ஜொகூர் பக்கமாம். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல."

பஸ் டிக்கெட்டைக் கசக்கிக் கீழே போட்டார். "அந்தப் பழைய கம்ப்யூட்டர மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க."

"நல்லதுதானே. அட்டைய மாட்டிப் புதுசு போட்டுக்குவாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் பச்சையாய் ஒரு சின்ன அட்டை.

"இத மட்டும் மேசையில வச்சிட்டுப் போயிட்டாங்க. இது இல்லாம அதுல புதுசு ஓடாது."

அன்றைக்குத் தே-ஓவுக்கு நான் காசு வாங்கவில்லை. அடுத்த மாசம் வெளிநாட்டிலிருந்து புது டிஸ்க் வந்தது. அதிலிருந்து ரெண்டு திருத்தத்தை எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்திவிட்டுக் கீழே வந்தார். அனுப்ப விலாசம் இல்லை. போனுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

அதிலிருந்து என் கடைப் போனில் யாரையும் நான் ரொம்ப நேரம் பேசவிடுவதில்லை.