சவ்வில் சிக்கிய புரதம்

திருத்தணியிலிருந்து சென்னைக்குத் தினமும் ரயிலில் போய் ஆராய்ச்சி செய்பவள் நான். ஆராய்ச்சி பாக்டீரியாவில்; ஆனால் அன்றைய வேலை எப்போது முடியவேண்டும் என்று தீர்மானிப்பது மாலை ரயில். மணவூர் தாண்டியதும் நைனாவின் போன் வந்துவிடும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். "மணவூர் தாண்டிட்டியாம்மா?" கிருத்திகைக் கூட்டமானாலும் காவடிகளுக்கு நடுவே மொபெட்டோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பார். ஊரே என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறது. எனக்கோ மூச்சு முட்டும்.

நான் வளர்க்கும் பாக்டீரியா வெளியில் கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குச் சில புரதங்கள் அதன் உடலைச் சுற்றியுள்ள சவ்விலிருந்து விடுபட்டு, வெளியே வந்து இழைபோலக் கோத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்னத் துண்டு உண்டு. அதை வெட்டினால்தான் விடுதலை. வெட்டும் புரதத்தை எடுத்துவிட்டால் மற்றவை சவ்விலேயே சிக்கிக் கிடக்கும், டிஎன்ஏ உள்ளே வராது என்று காட்டுவதுதான் என் வேலை. நான் கொடுக்கும் டிஎன்ஏவில், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைத் தாங்கும் மரபணு இருக்கும். அதை வாங்கிக்கொண்ட பாக்டீரியா மட்டும் மருந்து கலந்த தட்டில் புள்ளி புள்ளியாக வளரும்.

வெட்டும் புரதம் இல்லாத பாக்டீரியா வளரவில்லை. சரிதான். ஒரு குறையும் இல்லாத பாக்டீரியாவும் வளரவில்லை. மாதக்கணக்கில் இதே கூத்து.

"ரெண்டு தட்டும் காலின்னா இதை வச்சு என்னத்தை நிரூபிக்கறது?" என்றார் என் பேராசிரியை. ஆய்வேட்டுக்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இது வராவிட்டால் நான் வீட்டோடு கிடக்கவேண்டியதுதான்.

தப்பு எங்கே என்பது ரயிலில்தான் உறைத்தது. தீனி தீர்ந்து, வளர்ச்சி ஓய்ந்த பிறகே இந்த பாக்டீரியா டிஎன்ஏவை வாங்கத் தயாராகும். காலையில் போய் வளர்க்க ஆரம்பித்தால் அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். நானோ ரயிலுக்குப் பயந்து, முன்கூட்டியே டிஎன்ஏவை ஊற்றிவிட்டு ஓடிவந்திருக்கிறேன்.

"ஒரே ஒரு நாள் லேட்டா வர்றேன் நைனா" என்று கெஞ்சினேன்.

"அப்போ நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் முழுக்க ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியே அவர் தலை தெரிந்துகொண்டே இருந்தது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

திரும்பும் ரயிலில், "அப்படி இன்னாதாம்மா பண்ணே?" என்றார். சொன்னேன்.

"அந்தத் துண்டை யாரு வெட்டறது? வெளியிலேர்ந்து எதனா வருதா?"

"இல்ல நைனா. அதே சவ்வுலதான் இருக்குது. வீட்டாளுதான்."

"ஆங்" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் ஒரு தட்டு நிறையப் புள்ளிகள். இன்னொன்று துடைத்துவைத்தாற்போல இருந்தது. சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தேன். முதலில் நைனாவுக்குத்தான் போன் செய்தேன்.

"வந்துடுச்சு நைனா!"

"ரொம்ப சந்தோஷம்மா." "அப்போ இனிமே லேட்டாவாதில்ல? சாயங்காலம் ஸ்டேஷன்ல நிக்கறேன்."