நான் சாப்பிட்டதாகச் சொன்ன மீன் குழம்பு

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுத வரும். ஆனாலும் நான் செய்ததை நானே எழுத வேண்டும். என்னைப் பற்றி அடுத்தவர் சொல்ல விட்டு எனக்குப் பழக்கமில்லை.

என் மகள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நோயாளிக்கு எந்தச் சாப்பாடு எவ்வளவு வேண்டும் என்று ஆராய்கிற படிப்பு. சர்க்கரை வியாதி உள்ள பெண்களுக்குக் காலில் புண் வந்தால் ஏன் ஆறுவதில்லை, அவர்கள் சாப்பிடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறாள். அவள் தஞ்சாவூரில் விடுதியில், நான் ஊரில் தனியாக. சர்க்கரையும் வந்து, சேற்றில் நின்று நின்று காலும் வெடித்த பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அதனால் ஆராய்ச்சிக்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டாள்.

சுகாதார நிலையத்து வராந்தாவில் அவர்களைக் கூட்டி உட்காரவைத்தாள். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிற வரை வாயில் போட்டதெல்லாம் சொல்ல வேண்டும். அளந்து காட்டக் கிண்ணம், கரண்டியெல்லாம் கொண்டுவந்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குக் காட்ட முதலில் என்னைக் கேட்டாள்.

எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல் இப்போது எங்களிடம் இல்லை. முந்தின நாள் நான் சாப்பிட்டது காலையில் டீயும் பன்னும், மத்தியானம் மோர் விட்ட சோறும் ஊறுகாயும். ஒருத்திக்காக என்ன அடுப்பு என்று இரவில் ஒன்றுமில்லை. அதை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்?

"காலையில ரெண்டு இட்லி, ஒரு முட்டை. மத்தியானம் மீன் குழம்பு, கீரை. ராத்திரி தோசையும் ஒரு டம்ளர் பாலும்" என்றேன்.

மகள் சந்தேகப்படவில்லை. அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் மீன் குழம்புதானே கொதிக்கும்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் முட்டை உண்டு பாப்பா. எழுதிக்க" என்றாள். அவளுக்கு அடுத்தவளுக்கு இரண்டு முட்டை. அப்புறம் யாருமே குறைத்துச் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் வந்து சேர்ந்தபின், ஒரு வேலை நாளில் மகள் திடீரென்று வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"தாள்ல எல்லாரும் நல்லா சாப்பிடுறாங்க. ரத்தத்துல புரதமே இல்ல. ரெண்டும் ஒட்டலம்மா. 'உங்க ஊர்ல ஒரு கோழியாவது மிச்சம் இருக்கா'ன்னு எங்க மேடம் கேக்குறாங்க."

"இன்னொரு தடவை கேட்டு எழுதேன்."

"கேட்டா மட்டும்? மறுபடி அதையேதான் சொல்வாங்க. ஏற்கெனவே ஒரு தடவை நாள் நீட்டி வாங்கியாச்சு. இனிமே தரமாட்டாங்க. ஆறு வருஷம்மா. அப்படியே போச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் தஞ்சாவூருக்குத் திரும்பிப் போனபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊரே நடவில் இருந்தது. நான் வாசலைத் தாண்டவில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்து, "சாப்பிட்டியாம்மா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அவள் குரல் நாளுக்கு நாள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆனது. ஒரு நாள், படிப்பை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"கூட்டுடி, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அதே வராந்தாவுக்குப் பாதிப் பேர் வரவில்லை. ஒருத்திக்குக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். இரண்டு முட்டை சொன்னவள் அவள்.

"முதல்ல என்னை எழுது" என்று உட்கார்ந்தேன். டீ, பன், மோர்ச் சோறு, ஊறுகாய். எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்."

அன்று ஒரு முட்டை சொன்னவள் கேட்டாள்: "அப்ப அந்த மீன் குழம்பை யாரு பெரியம்மா தின்னது?"

"நீதான்டி. நான் சொன்னதைக் கேட்டே உனக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்."

அவள் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எனக்கும் கஞ்சிதான் பாப்பா. அந்த முட்டையை அடிச்சிடு" என்றாள்.

மகள் அவளைப் பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு?"

"ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா இப்படி?"

"அந்தக் கேள்வி உன் தாள்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப இருக்குறதைக் கேளு."

குனிந்து எழுதினாள். எழுத்து கோணலாகப் போனது. மிச்சப் பெண்களை வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும். அதற்கெல்லாம் நாள் போதுமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.